போட்டி மேசையில் ராகி: ஓசூர் எல்லைப்புறத்தில் சமையல் போட்டிகளின் வரலாறு

கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூருக்கு அருகில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர். கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, தமிழகத்துக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் அணை இங்குதான் உள்ளது. அணையின் நீர்மட்ட அளவான 44.28 அடியும், பெங்களூரு ஏரிகளின் கழிவோடு வரும் வெண்ணுரையும்தான் இவ்வூரின் பெயரை நாளிதழ்களுக்குக் கொண்டுசெல்கின்றன. இக்கட்டுரை அணையைப் பற்றியது அன்று. இவ்வூரையும் இதைச் சுற்றியுள்ள ஓசூர் வட்டாரத்தையும் சேர்ந்த பெண்கள், வீட்டில் சமைத்த உணவைத் தட்டில் வைத்து, பெயர் எழுதிய அட்டையை முன்னே நிறுத்தி, நடுவர்களுக்குக் காட்டும் வழக்கம் எவ்வாறு உருவானது என்பதையும், அவ்வழக்கம் இம்மண்ணின் உணவான ராகிக்கு என்ன செய்தது என்பதையும் பற்றியது.

ஊர்ப்பெயரில் உள்ள ஒலியைக் கேட்டதும் அதைக் கேழ்வரகோடு முடிச்சுப் போடத் தோன்றும். அப்படிச் செய்தல் சரியன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகள் புழங்கும் இவ்வட்டாரத்தில் பேச்சு வழக்கில் அத்தானியம் பெரும்பாலும் ராகிதான். கேழ்வரகு என்பது நம் பிள்ளைகளுக்குப் பாடநூல் வழியாக அறிமுகமான சொல். எனவே இக்கட்டுரையிலும் ராகி என்றே எழுதுகிறேன்.

ராகி விளைந்த மேட்டுநிலம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாக உள்ளது. திப்பு சுல்தானுடன் 1792-இல் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட் பகுதி அதன்பின் ஏழு ஆண்டுகள் கழித்து, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் சேலம் மாவட்டம், 1965 முதல் தருமபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம் என நிர்வாக எல்லைகள் மாறின. அடுப்பில் வெந்தது மட்டும் மாறவில்லை. மைசூரில் முத்தே, ஆந்திரப் பகுதியில் சங்கட்டி, நம்மிடம் களி என்று வழங்குவது ஏறக்குறைய ஒரே உணவுதான்.

ராகியின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள். மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, தென்னிந்திய மானாவாரி நிலங்களில் நிலைகொண்டது. 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் ராகிச் சாகுபடியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மைசூர் அரசின் வேளாண்துறை இயக்குநராக இருந்த கனடா நாட்டவரான லெஸ்லி கோல்மன் காலத்தில், 1913-இல் பெங்களூரை அடுத்த ஹெப்பாளில் ராகி ஆய்வு தொடங்கியது. பிற்காலத்தில் 'ராகி' லட்சுமணையா என்றே அழைக்கப்பட்ட மாண்டியா விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்து 'இண்டாஃப்' வகைகளை உருவாக்கினார். காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பையூர் ராகி வகைகள் வந்தன. ஆய்வாளர்களின் பெயர்களை நாம் அறிவோம். விதையைப் பானையில் சாம்பல் கலந்து காத்த பெண்களின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

இங்கே ராகி தனியாக விளைவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆடியில் விதைக்கும்போது ராகிச் சால்களுக்கு நடுவே அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு ஆகியவற்றைச் சால் விட்டு விதைப்பர். கன்னடத்தில் இதற்கு 'அக்கடி சாலு' என்று பெயர். ராகி கார்த்திகை, மார்கழியில் அறுவடையாகும். அவரை அதன்பின்னும் நின்று மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். பனிக்காலத்து அவரைக்கொட்டையை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலை நீக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்புதான் புது ராகிக் களிக்கு இணை. களியும் குழம்பும் ஒரே நிலத்தில், ஒரே மழையில் விளைந்தவை. போட்டி மேசையைப் பற்றிப் பேசும்போது இச்செய்தி மீண்டும் தேவைப்படும்.

மூடிக்குள் மறைந்த களி

உழைப்பாளியின் வயிற்றுக்கு நெடுநேரம் தாங்கும் உணவு என்ற பெருமை களிக்கு உண்டு. அதே காரணத்தால் அது ஏழையின் உணவு என்ற பெயரையும் பெற்றது. அரிசிச்சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரியது. களி அன்றாடத்துக்கு உரியது. நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், வீட்டிலிருந்து களி கொண்டுவரும் பிள்ளைகள் டப்பாவின் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு உண்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்வார்களோ என்ற அச்சமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்நிலைக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் டி.வி.எஸ். மொபெடும் வந்தன, 1987-இல் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. காவிரிப் படுகையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் அரிசி உண்ணும் குடும்பங்கள் இங்கே குடியேறின. ஆலை உணவகத்தில் சோறும் சாம்பாரும் என்றாயிற்று. நியாயவிலைக் கடையில் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008-இல் 1 ரூபாய்க்கும் கிடைத்தது. 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்பட்டது. அரிசி மலிவானதைக் குறை சொல்ல நான் முன்வர மாட்டேன். திரிகையில் மாவரைத்து, புகையடுப்பின் முன் நின்று தோள் வலிக்கக் களி கிண்டிய பெண்ணுக்கு அது ஒரு விடுதலை. ஆயினும் ராகி நிலம் ரோஜாத் தோட்டமாகவும், முட்டைக்கோசு வயலாகவும், வீட்டுமனையாகவும் மாறியதில் இதற்கும் பங்கு உண்டு.

1996-இல் பிரதமரான தேவ கௌடா ராகி முத்தே விரும்பி உண்பவர் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. எல்லைக்கு இப்பால் உள்ள நம் வீடுகளிலும் அதில் ஒரு சிறு மகிழ்ச்சி இருந்தது. ஆனால் களி விருந்துக்கு வரவில்லை.

போட்டி என்ற வழக்கம் வந்த வழி

வீட்டு உணவைப் பொதுவெளியில் வைத்துப் பரிசு தரும் முறை நம் மரபில் இருந்தது அன்று. நம் கோயில் திருவிழாக்களில் கூழ் ஊற்றுவது உண்டு. யாருடைய கூழ் சிறந்தது என்று மதிப்பெண் இட்டது கிடையாது. போட்டி முறையின் வேர் மேலைநாட்டு வேளாண் கண்காட்சிகளில் உள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எல்கானா வாட்சன் என்பவர் 1810-இல் பெர்க்‌ஷயர் கால்நடைக் கண்காட்சியை நடத்தினார். முதலில் ஆடுமாடுகளுக்கும், சில ஆண்டுகளில் பெண்கள் வீட்டில் நெய்த துணிக்கும் பரிசு தரப்பட்டது. பழப்பாகு, ஊறுகாய், அப்பம் ஆகியவை பின்னர் இவ்வகைக் கண்காட்சிகளில் இடம்பிடித்தன. கனடாவில் 1897-இல் தோன்றி, 1915-இல் வேல்ஸ் வழியாகப் பிரிட்டனுக்கு வந்த பெண்கள் மன்றங்கள், கிராமத்துப் பெண்களின் சமையலைப் போட்டிக்கு உரிய கலையாக்கின.

1949-இல் பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனம் நியூயார்க்கில் நடத்திய அடுமனைப் போட்டி அடுத்த திருப்பம். முதல் பரிசு 50,000 டாலர். அந்நிறுவனத்தின் மாவைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. போட்டியை நடத்துபவர் எந்தப் பொருளை மக்களிடம் கொண்டுசெல்ல விரும்புகிறாரோ, அதற்கேற்பவே பரிசு பெறும் பண்டமும் அமையும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. நம் ஊர்ப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். இங்கே மாவு நிறுவனத்தின் இடத்தில் பெரும்பாலும் அரசுத் துறை நிற்கிறது.

நமக்கு அருகில் கிடைக்கும் பழைய சான்று மைசூர் தசராப் பொருட்காட்சி. பத்தாம் சாமராஜ உடையார் 1880-இல் வேளாண்மையையும் கைத்தொழிலையும் வளர்க்க அதைத் தொடங்கினார். இன்று தசராவையொட்டி நடக்கும் உணவு மேளாவில் சமையல் போட்டியும் முத்தே உண்ணும் போட்டியும் தனி ஈர்ப்பு. விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், வட்டார அலுவலகங்கள் வழியே ஊர்தோறும் மாதர் சங்கங்களை உருவாக்கியது. கிராமசேவிகைகள் சத்துணவுச் செயல்விளக்கம் நடத்தினர். 1963-இல் யுனிசெப் முதலிய உலக அமைப்புகளின் உதவியோடு விரிவடைந்த பயன்முறை ஊட்டச்சத்துத் திட்டம் இதற்கு வலுச் சேர்த்தது. செயல்விளக்கத்தில் அலுவலர் சமைப்பார், பெண்கள் பார்ப்பர். போட்டியில் பெண்கள் சமைப்பர், அலுவலர் சுவைப்பார். இந்த இடமாற்றம் சிறியதாகத் தோன்றினாலும், யாருக்கு அறிவு இருக்கிறது என்ற கேள்விக்கு விடையை மாற்றியது.

தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள்

இவ்வட்டாரத்துப் போட்டிகளின் உண்மையான தொடக்கத்தைக் காண 1989-க்குச் செல்ல வேண்டும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைக்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் அந்நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் அமைத்த மாவட்டம் தருமபுரி. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்திலேயே இருந்தன. அதாவது, தமிழகம் முழுவதும் இன்று பரவியுள்ள குழு முறைக்கு நம் மேட்டுநிலமே நாற்றங்கால். 1990-களின் தொடக்கத்தில் வேறு சில மாவட்டங்களுக்கும், 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுமைக்கும் அது விரிந்தது.

குழுவின் முதல் வேலை சேமிப்பும் கடனும்தான், சமையல் அன்று. ஆனால் வாரந்தோறும் கூடுதல், கையெழுத்திடுதல், வங்கிக்குச் செல்லுதல் ஆகியவை பெண்களைப் பொதுமேடைக்குப் பழக்கின. சமையல் போட்டி என்று அறிவிப்பு வந்தால் யாரிடம் பெயர் கொடுப்பது, யாரோடு பேருந்தில் போவது என்ற கேள்விகளுக்கு விடை ஆயத்தமாக இருந்தது. ஊக்குநரும் பிரதிநிதியும் பெயர்ப்பட்டியல் தயாரித்தனர். ஊராட்சி அளவில் தேர்வானவர் ஒன்றியத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும் செல்லும் படிநிலையும் அமைந்தது. மகளிர் நாள், ஊட்டச்சத்து விழா, பொங்கல் விழா எனப் போட்டிக்கான காரணங்கள் பெருகின. ஓசூரின் புதிய குடியிருப்புகளில் பொங்கலுக்கும் உகாதிக்கும் குடியிருப்போர் சங்கங்கள் கோலப் போட்டியோடு சமையல் போட்டியையும் சேர்த்துக்கொண்டன.

அரசின் பங்கு 2018-க்குப் பின் கூடியது. அவ்வாண்டு மார்ச் 8-இல் தேசிய ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கப்பட்டு, ஒவ்வொரு செப்டம்பரும் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அங்கன்வாடிகளில் தாய்மார்கள் வீட்டுப் பண்டங்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கும் வழக்கம் இதனால் நிலைபெற்றது. 2018-ஐ இந்திய அரசு தேசியச் சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தது. ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,900 ரூபாயிலிருந்து 2018-19-இல் 2,897 ரூபாய்க்கு ஒரே தாவலாக ஏறியது. 2021 செப்டம்பரில் மதிய உணவுத் திட்டத்தை 'பி.எம். போஷன்' என்ற பெயரில் மாற்றியமைத்தபோது, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்ட மரபுணவுகளை ஊக்குவிக்கக் கிராம அளவிலிருந்து தேசிய அளவு வரை சமையல் போட்டிகள் நடத்தப்பட வேண்டும் என்று மத்திய அமைச்சரவையின் முடிவிலேயே குறிக்கப்பட்டது. சமையல் போட்டி என்ற சொல் அமைச்சரவை முடிவில் இடம்பெற்றது வியப்புக்குரியது என்றே கருதுகிறேன்.

அடுத்து வந்தது 2023. இந்தியா முன்மொழிந்து, 2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தீர்மானத்தின்படி அது பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. அதற்கு முன்னோட்டமாக 2022 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சிறுதானிய விருந்து அளிக்கப்பட்டது. 2023 ஜூனில் வெள்ளை மாளிகை விருந்தின் முதல் தட்டிலும் சிறுதானியம் இருந்தது. தமிழ்நாடு சிறுதானிய இயக்கம் 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வழங்கும் முன்னோட்டம் தொடங்கியது. மூடிக்குள் மறைந்திருந்த தானியத்துக்கு மேடையும் பதாகையும் கிடைத்தன.

களிக்குப் பரிசு கிடைக்காதது ஏன்?

மேடை கிடைத்தது ராகிக்குத்தான், களிக்கு அன்று. சிறுதானியப் போட்டி மேசை ஒன்றைச் சுற்றி வந்தால் இது விளங்கும். ராகி லட்டு, ராகி அல்வா, ராகி முறுக்கு, ராகி இடியாப்பம், ராகி கேக், ராகி பீட்சா, ராகி பால்பானம் என வரிசையாக இருக்கும். களி இருந்தால் மூலையில் ஒன்று இருக்கும்.

இதற்கு நடுவர்களின் மனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. போட்டியின் அமைப்பே அப்படி. பெரும்பாலான ஊர்ப் போட்டிகளில் பண்டத்தை வீட்டில் செய்து, டிபன் கேரியரிலோ ஹாட் பாக்ஸிலோ கொண்டுவர வேண்டும். பதிவு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் வருகை எல்லாம் முடிந்து சுவைக்கத் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். லட்டு காத்திருக்கும். களி காத்திருக்காது.

களி செய்முறையைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு பங்கு மாவுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு தண்ணீரை உப்பிட்டுக் கொதிக்க வைக்கிறோம். மாவை நடுவில் குன்றாகக் கொட்டி, கிளறாமல், துடுப்பின் காம்பால் நடுவே துளையிட்டு வேகவிடுகிறோம். கொதிநீர் அத்துளை வழியே பொங்கி மாவை அடியிலிருந்து அவிக்கும். பின்னர் பாத்திரத்தை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். ஈரக்கையால் உருண்டை பிடித்ததும் உண்ண வேண்டும். சேலம், தருமபுரிப் பக்கத்தில் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து அதில் மாவைச் சேர்ப்பர். ஓசூர்ப் பக்கம் பல வீடுகளில் நொய் சேர்ப்பதில்லை. எப்படிச் செய்தாலும், ஆற ஆற மாவுச்சத்து இறுகி, மேலே தோல் போர்த்துக்கொள்ளும். மறுநாள் அதையே மோரில் கரைத்துக் கூழாகக் குடிக்கலாம் என்பது தனிச் சுவை. ஆனால் ஆறிய உருண்டைக்கு மதிப்பெண் விழாது.

மதிப்பெண் தாளிலும் சிக்கல் உள்ளது. சுவை, சத்து, தோற்றம், புதுமை என்று கட்டங்கள் போடப்படுகின்றன. களியின் தோற்றம் கருஞ்சிவப்பு உருண்டை; அதன்மேல் முந்திரியும் செர்ரியும் வைத்தால் அது களியாக இருக்காது. புதுமைக் கட்டத்தில் களிக்கு எதுவும் தர வழியில்லை. களிக்குத் தனிச்சுவையும் மிகக் குறைவு. குழம்போடு சேரும்போதே அது முழு உணவாகிறது. மேசையிலோ ஒருவருக்கு ஒரு பண்டம் என்பது விதி. ஒரே நிலத்தில் விளைந்த ராகியும் அவரையும் இங்கே பிரிந்துவிடுகின்றன.

ஒருமுறை உள்ளூர்ப் போட்டி ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்தேன். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். நாங்கள் அவர் மேசைக்கு வரும்போது நண்பகல் ஆகிவிட்டது. உடன் வந்த நடுவர் தேக்கரண்டியின் நுனியால் உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். களியைக் கரண்டியால் தொட்டால் என்ன தெரியும், கையால் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டாமா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். கோபமில்லை, பாடம் சொல்லும் தொனி. நான் அவ்வாறே உண்டேன். மதிப்பெண்களைக் கூட்டியபோது முதல் மூன்று இடங்களும் இனிப்புகளுக்கே சென்றன.

இனிப்புகளை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ராகியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் இதில் சிறு பகுதியும் இல்லை. பால் குடிக்காத குழந்தைக்கு ராகி லட்டு நல்ல வழிதான். அங்கன்வாடிப் போட்டிகளில் அடிக்கடி காணப்படும் முளைகட்டிய ராகிக் கஞ்சிக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி நீர்த்து இருக்கும். அதனால் கூடுதல் மாவு சேர்த்தாலும் குழந்தை எளிதில் விழுங்கும். நம் பாட்டிமார் இதை நொதி என்று சொல்லாமலே செய்தனர். ராகி கேக்கின் கதை வேறு. கோதுமையில் உள்ள இழுவைப் புரதம் ராகியில் இல்லை. எனவே பஞ்சுபோல எழும்ப வேண்டுமென்று பாதிக்குப் பாதி மைதாவும், நிறையச் சர்க்கரையும் சேர்ப்பவர்கள் பலர். அட்டையில் மட்டும் ராகி என்று இருக்கும். சத்துக்கென நடத்தும் போட்டியில் இதற்குப் பரிசு தருவது எனக்கு உடன்பாடில்லை.

எல்லைக்கு அப்பால்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகச் சிறிது தொலைவு சென்றால் கர்நாடகம். அங்கே இதே சிக்கலுக்கு வேறு விடைகள் கண்டிருக்கிறார்கள். பெங்களூருவில் கர்நாடக வேளாண்துறை நடத்தும் சிறுதானிய வணிகக் கண்காட்சிக்கு முன்னோடியாக மாவட்டந்தோறும் சமையல் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் சிறுதானியப் பண்டங்களோடு, 'மறந்துபோன உணவுகள்' என்று தனிப் பிரிவே உண்டு. புதுமைக்கு ஒரு மேசை, பழமைக்கு ஒரு மேசை. பாட்டியும் பேத்தியும் ஒரே கட்டத்தில் மோத வேண்டியதில்லை.

மாண்டியா, மைசூர்ப் பக்கம் பெயர்பெற்ற முத்தே உண்ணும் போட்டி வேறு வகை. குறித்த நேரத்தில் யார் அதிக உருண்டைகளை விழுங்குகிறார் என்பதே கணக்கு. அங்கே களி சூடாகவும் குழம்போடும் வருகிறது என்பது உண்மை. ஆனால் கைதட்டல் உண்பவருக்கு. கிண்டியவர் பந்தலுக்குப் பின்னால் நிற்கிறார்.

நம் பக்கத்திலும் போட்டிகளில் களிக்கு இடம் தர வழி உண்டு. களத்திலேயே அடுப்பு வைத்துச் சமைக்கும் சுற்று ஒன்று இருந்தால் போதும். நான்கைந்து விறகடுப்பும் மாவும் துடுப்பும் கொடுத்தால் களி கிண்டத் தெரிந்தவர் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பண்டத்தை அதன் குழம்போடு இணைத்து ஓர் உணவாகக் கொள்ளும் விதியும் வேண்டும். அட்டையில் பண்டத்தின் பெயரை வீட்டில் சொல்லும்படியே எழுத விட வேண்டும். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் சங்கட்டி என்று எழுதினால், நாம் அதைத் திருத்திக் களி என்று ஆக்க வேண்டியதில்லை. மொழி ஆசிரியனாக நான் இதைச் சொல்வதில் சிலருக்கு வியப்பு இருக்கலாம்.

பரிசுக்குப் பின்

பரிசு பெற்றவர் வீட்டுக்குச் செல்வது பெரும்பாலும் ஒரு சான்றிதழோடும் ஒரு பாத்திரத்தோடும்தான். சிலர் அந்த ஊக்கத்தில் குழுவாகச் சேர்ந்து ராகி மாவு, சத்துமாவு, லட்டு விற்கத் தொடங்கினர். அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொதிதல், பெயரட்டை, சந்தை எல்லாம் வேண்டும். ஒரு மாவட்டம் ஒரு விளைபொருள் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கிருஷ்ணகிரிக்கு உரிய பொருள் மாம்பழம், ராகி இல்லை. மாங்கூழ் ஆலைகளின் வலுவைப் பார்த்தால் அத்தேர்வில் நியாயம் இருக்கிறது. ஆயினும் மேட்டுநிலத்து ஓசூர்ப் பகுதிக்கு மாம்பழத்தைவிட ராகியே நெருக்கம்.

உழவர் பக்கத்தில் மாற்றம் மெதுவாக வருகிறது. அரசு நேரடிக் கொள்முதல் செய்வதும், ஆதரவு விலை 2023-24-இல் 3,846 ரூபாய், 2025-26-இல் 4,886 ரூபாய் என உயர்ந்ததும் ராகி விதைப்பவருக்குச் சற்றுத் துணிவு தருகின்றன. அணை நீரை நம்பாத மானாவாரிப் பயிர் என்பதால் கெலவரப்பள்ளி மதகில் வரும் நுரையும் அதைத் தொடுவதில்லை.

போட்டிகள் விட்டுச்செல்லும் ஒரு செல்வத்தை யாரும் கவனிப்பதில்லை. பல போட்டிகளில் பண்டத்தோடு செய்முறையையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறார்கள். 'ஒரு கை மாவு', 'கண்ணளவு உப்பு', 'பொறுக்கும் சூட்டில்' என்று எழுதப்பட்ட அத்தாள்கள், எழுதப் பழகாத கைகளின் முதல் சமையல் நூல்கள். 1951-இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அச்சில் வந்தபோது நகரத்து வீடுகளின் சமையலுக்கு எழுத்து வடிவம் கிடைத்தது. ஓசூர்ப் பக்கத்து உப்புச்சாற்றுக்கும் கொள்ளுக் கடைசலுக்கும் அத்தகைய நூல் இல்லை. இருப்பது இத்தாள்களே. விழா முடிந்ததும் அவை பந்தல் குப்பையோடு போகின்றன. ஊர் நூலகத்தில் ஒரு கோப்பு போட்டு அடுக்கி வைத்தால் செலவு ஏதுமில்லை. பள்ளி மாணவர்களைக் கொண்டு, தாள் எழுதியவரிடம் விதை வகையையும் விதைத்த மாதத்தையும் கேட்டுக் குறிக்கச் செய்யலாம்.

மாதத்தைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊட்டச்சத்து மாதம் செப்டம்பரில் வருகிறது. அப்போது கெலவரப்பள்ளி மேட்டுநிலத்தில் ராகி இன்னும் பச்சையாக நிற்கும். அவரை பூவைக்கூடத் தொட்டிருக்காது. வீட்டில் இருப்பது சென்ற ஆண்டு மாவு. அதை வெல்லத்தோடும் நெய்யோடும் பிடித்து லட்டாக்குவதே அந்த மாதத்துக்கு எளிது. புது ராகியும் பிதுக்குப் பருப்பும் ஒன்றாகக் கிடைக்கும் மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் நடக்கும் பொங்கல் விழாப் போட்டிகளில்தான், இனிப்புத் தட்டுகளுக்கு நடுவே அவரை மணக்கும் குழம்புச் சட்டி ஒன்றிரண்டு வருகின்றன.